சீனிப் பேணிக்குக் கீழே

முந்நூற்றிநாலு விளையாட நாலு பேர் வேண்டும்.
ஜூலை எட்டு, புதன், இரவு பத்தரை.
நள்ளிரவோடு மெல்பேணுக்குப் பூட்டு.
எட்டெட்டாய்ப் பிரித்து, கேள்வி கேட்டு,
தயாபரன் துரும்பைக் கவிழ்த்து வைத்த நேரம்
சுபோதினியின் ஃபோன் அடித்தது.
முதியோர் இல்லத்தில் ஆள் குறைவாம், உடனே வரட்டாம்.

“ஆறு கிழமைதானே” என்றார் அவள் புருஷன்.
நல்ல கை விழுந்தவர் அவர்.
கலைக்க விடவில்லை.
அவரவர் சீட்டு அவரவர் பையில் போயிற்று.
கவிழ்ந்த துரும்பு எங்கள் மேசையிலேயே,
பறக்காமல் இருக்க
அதன்மேல் சீனிப் பேணி.

மேசையின் வடக்கு மூலை இப்போது என் கந்தோர்.
மின்சாரக் காசு கட்டாதவர்கள்
என் காதுக்குள் முட்டை பொரிக்கிறார்கள்.
தெற்கு மூலையில் நிருஜனுக்கு உடற்பயிற்சிப் பாடம்.
கமராவை மூடிவிட்டுக் கம்பளத்தில் படுத்திருந்து
மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கொடுக்கிறான்.
ஆசிரியர் மெச்சுகிறார்.

தயாபரனின் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது.
முதல் கிழமை பாண் சுட்டார்.
இரண்டாவது பாண் பின்கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவியது.
பிறகு மகனின் தலையில் மெஷின் பிடித்தார்.
(கமரா மூடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)
பிறகு மூன்று எலுமிச்சம்பழத்தை
எறிந்து எறிந்து பிடிக்கப் பழகினார்.
ஹோலில் ஒரு லைற் போயிற்று.
கடைசியில், கட்டில் மிஞ்சியிருந்த
இரண்டும் மூன்றும் ஆறுமான இருபது சீட்டை வைத்து
தனியாளாய் ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார்.
தன்னிடமே தோற்று
தன்னோடே கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

ஓகஸ்ட்டில் சட்டம் இறுகியது:
வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றர்.
நிருஜனின் கவராயத்தை எடுத்து
கிளேற்றனில் எங்கள் கூரைமேல் ஊசியைக் குத்தினேன்.
பென்சில் சுற்றி வந்தது,
நோபிள் பார்க்கைத் தொடாமல்.
அங்கே சுபோதினியும் ஒன்று கீறி அனுப்பினாள்.
இரண்டு வட்டமும் ஒன்றையொன்று கடித்த இடத்தில்
இருந்தது ஸ்பிறிங்வேல் மரக்கறிக் கடை.

சனி காலை, வீட்டுக்கு ஒராள்.
வாழைப்பூப் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்,
இருவர் கண்ணாடியிலும் புகார்.
ஃபோனிலேயே ஐந்து நிமிடத்தில்
அந்த ஆட்டத்தை முடித்திருக்கலாம்.
நாலு பேரில் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை.

அவள் புடலங்காய் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்,
வாங்கும் எண்ணம் இல்லாமல்.
“என்னட்டை இஸ்கோப்பன் ஜாக் கிடக்கு” என்றாள்.
“ஆட்டின் ஒன்பது. கலாவரை ஆசு...”
எட்டையும் சொன்னாள்.
ஒன்றின் மூலையைச் சின்னவள் கடித்துவிட்டாளாம்,
இனி எல்லாருக்கும் அது தெரிந்துவிடுமாம்.

எதிர்க்கட்சிக்காரி அவள்.
கையைச் சொல்வது எங்கள் ஆட்டத்தில் களவு.
“ஏனடி?”

“சும்மா. ஒராளுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.
எங்கடை மேல்மாடியிலை
இந்தக் கிழமை நாலு கட்டில்
விரிச்ச விரிப்புக் கசங்காமல் கிடக்கு.”

பின்னால் நின்றவர் தள்ளுவண்டியை உருட்டினார்.
வாழைப்பூ ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்,
எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடாதது.

வீட்டில் எலுமிச்சம்பழங்கள் பறந்துகொண்டிருந்தன.
“சுபோ என்ன சொன்னவள்?”
“கறிவேப்பிலை விலை ஏறிட்டுதாம்.”

தேத்தண்ணி ஊற்றினேன்.
பேணியை அரக்காமல்
மூடியை மட்டும் திறந்து
ஒரு கரண்டி சீனி எடுக்க
எங்கள் மூவருக்கும் இப்போது நன்றாக வரும்.